பணம் போனதா, கணக்கு போனதா? ஆன்லைன் மோசடியில் அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

ஆன்லைனில் பணத்தைப் பறிகொடுத்தவர்களில் பலர் முதல் ஒரு மணி நேரத்தை ஏமாற்றியவனோடு பேசியே தொலைத்துவிடுகிறார்கள். "சார், எப்போ அனுப்புவீங்க?", "பணத்தையாவது திருப்பிப் போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தாவி, கடைசியில் ஏதோ ஓர் ஊரின் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் வங்கி பிடித்துவைக்க எதுவும் மிச்சம் இருக்காது. அதனால் இதை முதலிலிருந்து படிக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் போனில் இப்போது என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் பணம் வெளியே போகும் வழியை அடைக்க வேண்டும். அப்புறம் சிம்மும் மெயிலும். மற்ற கணக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மாற்ற அரை மணி நேரம் போராடுவார்கள். அதற்குள் சேமிப்புக் கணக்கு காலியாகியிருக்கும்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டது

முதல் அழைப்பு 1930. இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய சைபர் குற்ற உதவி எண். நீங்கள் சொல்லும் விவரம் உங்கள் வங்கிக்கும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் உடனே போகும். பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் இருந்தால் அதை அங்கேயே நிறுத்திவைப்பார்கள். அழைப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கணக்கு அல்லது கார்டிலிருந்து போனது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருடைய யூபிஐ முகவரிக்குப் போனது, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன. இந்த 12 இலக்க எண்தான் முக்கியம். கூகுள் பே, போன்பே எதுவாக இருந்தாலும் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கீழே இருக்கும். பதற்றத்தில் தேடினால் கண்ணில் படாது, அதனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நேரடியாகப் புகாரைப் பதியலாம். போனில் சொன்னவர்களும் அப்போது கிடைக்கும் ஒப்புகை எண்ணை வைத்து அந்தத் தளத்தில் முழுப் புகாரையும் அன்றைக்கே பதிந்துவிட வேண்டும். போனில் சொன்னதோடு முடிந்தது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது அழைப்பு உங்கள் வங்கிக்கு. எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சாகியிருக்கிறது. கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். யூபிஐ, கார்டு, நெட்பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, நேரத்தோடு எழுதிவையுங்கள்.

அந்த நேரத்துக்குச் சட்டப்படி மதிப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு யார் பொறுப்பு என்று வரையறுத்தது. உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு இழப்பு எதுவும் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அவர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால் புகார் செய்யும்வரை போனது உங்கள் இழப்பு. ஆனால் புகார் செய்த பிறகும் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிதான் பொறுப்பு. "நாமதானே ஓடிபி சொன்னோம், எந்த முகத்தோடு போய்க் கேட்பது" என்று வீட்டில் மறைத்துவைக்கிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்குத்தான் லாபம். வயதானவர்கள் பிள்ளைகளுக்குப் பயந்து இதை மறைக்கிறார்கள் என்பது என்னை மிகவும் உறுத்தும் விஷயம். அவர்களிடம் முதல் வார்த்தையாக "ஏன் செய்தீங்க" என்று கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள்.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

பணம் கட்டியாகிவிட்டது, பொருள் வரவில்லை

தாமதிக்கும் கடையா, கடையே இல்லாத கடையா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் வழி வேறு.

யூபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பணம் யார் பெயருக்குப் போனது என்று பாருங்கள். 2025 ஜூன் மாத இறுதியிலிருந்து, பணம் அனுப்பும் முன் காட்டும் பெயர், வங்கிக் கணக்கில் பதிவாகியுள்ள உண்மையான பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பது யூபிஐயை நடத்தும் என்பிசிஐயின் விதி. தளத்தின் தலைப்பில் "காஞ்சிபுரம் பட்டு மாளிகை" என்று இருக்கிறது, பணம் போனதோ எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தனிநபரின் பெயருக்கு என்றால், பெரும்பாலும் அது வாடகைக்கு எடுத்த கணக்கு. கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர் ஏதோ ஓர் ஊரில் மாதம் சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்ட ஓர் இளைஞராக இருப்பார். அவரும் வழக்கில் சிக்குவார் என்பது வேறு கதை.

அப்புறம் அந்தத் தளத்தையே மெதுவாகப் பாருங்கள். முகப்பில் ஒரு கடிகாரம் ஓடும்: "சலுகை முடிய 14 நிமிடம்". பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் மறுபடியும் 14 நிமிடத்திலிருந்து தொடங்கும். கீழே "திருப்பி அனுப்பும் விதிகள்" என்பதைத் தொட்டுப் படித்தால் நடுவில் வேறொரு கடையின் பெயர் வரும். எங்கிருந்தோ நகலெடுத்தவர்கள் மாற்ற மறந்துவிட்டார்கள். தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி, ஒரு வாட்ஸ்அப் எண். முகவரியில் தெருப்பெயர் இருக்கும், கதவு எண் இருக்காது. கேஷ் ஆன் டெலிவரி பட்டனைத் தொட்டால் "உங்கள் பகுதிக்கு இல்லை" என்று வரும், எந்தப் பின்கோடு போட்டாலும் அதே பதில். ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து வந்திருந்தால் அந்தப் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் பக்க வெளிப்படைத்தன்மை என்று ஒன்று இருக்கிறது. பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதை அது காட்டும். போன மாதம்வரை சமையல் குறிப்புப் பக்கமாக இருந்தது இந்த மாதம் பட்டுப்புடவைக் கடையாகியிருந்தால் மேலே யோசிக்க ஒன்றும் இல்லை.

தீபாவளி நெருங்கும்போது பட்டாசுக்கு இதே கதை நடக்கிறது. "சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி" என்று இன்ஸ்டாகிராமில் வரும்; தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும்; விலைப்பட்டியல் வரும்; முன்பணம் கட்டியதும் எண் அணைந்துவிடும். தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றமே 2018 அக்டோபரில் தடை போட்டுவிட்டது. அதனால் வீட்டுக்கே பட்டாசு அனுப்புகிறோம் என்று சொல்லும் தளம் அசலா போலியா என்று ஆராய வேண்டியதே இல்லை. சீட்டுக் கட்டுவது போல மாதாமாதம் ஆன்லைனில் கட்டச் சொன்னாலும் அதே பதில்தான்.

போலிக் கடை என்று தெரிந்ததும் உடனே 1930. தொகை சிறியது, 799 ரூபாய்தானே என்று விடாதீர்கள். ஒரே கணக்கின் மீது பல புகார்கள் சேரும்போது அந்தக் கணக்கு முடங்கும் வாய்ப்பு கூடும். விளம்பரம், தளம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்த பிறகு பிளாக் செய்யுங்கள். முதலிலேயே பிளாக் செய்தால் அவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் பொருள் வரவில்லை என்று சொல்லி அந்தப் பரிவர்த்தனையை எதிர்க்கலாம். யூபிஐயில் நீங்களே பின் போட்டு ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்காது, மேலே சொன்ன 2017 விதியும் அப்படியே பொருந்தாது. புது கடையில் முதல் முறை வாங்கும்போது கேஷ் ஆன் டெலிவரி அல்லது கிரெடிட் கார்டு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதற்கு நடுவே "ஜிஎஸ்டி 1,200 கட்டினால் பார்சல் கிளம்பிவிடும்", "இன்சூரன்ஸ் கட்டுங்கள், பொருளோடு திரும்ப வந்துவிடும்" என்று கேட்பார்கள். ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில்தான் இரண்டாவது, மூன்றாவது தொகை போகிறது. பொருள் வாங்குகிறவரிடம் ஜிஎஸ்டியைத் தனியாக, பில்லுக்கு வெளியே, இன்னொருவர் யூபிஐக்கு வாங்கும் கடை உலகத்தில் இல்லை.

உண்மையான கடை, தாமதம்தான் என்றால் கதை வேறு. புகாரை ஆப்புக்குள்ளேயே பதியுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். அப்படியும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆர்டர் செய்யாத பார்சல் வாசலில் நிற்கிறது

வீட்டில் அப்பாவோ அம்மாவோ தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "உங்க பையன் பேர்லதான் வந்திருக்கு, 650 ரூபா" என்று வரும். பிரித்தால் உள்ளே கந்தல் துணி. கொண்டுவந்த ஆளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. வீட்டில் எல்லோரிடமும் ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள்: பணம் கொடுத்து வாங்க வேண்டிய பார்சல் என்றால் முந்தைய நாளே நான் சொல்லியிருப்பேன், சொல்லாதது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வேண்டாம் என்றதும், "சரி சார், கேன்சல் பண்ண ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று கேட்டால் நில்லுங்கள். வந்த செய்தியை முழுதாகப் படியுங்கள். ஓடிபி எதற்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். நாம் எண்ணை மட்டும் பார்க்கிறோம், வாக்கியத்தைப் பார்ப்பதில்லை. டெலிவரிக்கு ஓடிபி கேட்பது வழக்கம்தான், ஆனால் அந்த ஆர்டர் உங்கள் ஆப்பில் இருக்க வேண்டும். ஆர்டரே செய்யாதவர் கேன்சல் செய்ய எதுவும் இல்லை.

"முகவரி முழுமையாக இல்லை, 12 மணி நேரத்துக்குள் புதுப்பிக்கவும்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸும் இந்த வகைதான். அரசுத் துறையின் செய்தி என்றால் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஜி என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 10 இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து வந்தால் போலி. லிங்கைத் தொட்டு 5 ரூபாயோ 25 ரூபாயோ கட்டியிருந்தால், அந்தச் சின்னத் தொகை ஒரு சாக்கு. அவர்கள் எடுத்தது கார்டு எண்ணை. அந்தக் கார்டை உடனே முடக்கிப் புதுக் கார்டு வாங்குங்கள்.

இன்னொன்று, டெலிவரி ஆள் பேசுவதாகச் சொல்லி நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை டயல் செய்யச் சொல்வார்கள். அதைச் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்கள் போனுக்குத் திரும்பிவிடும். வங்கியும் வாட்ஸ்அப்பும் குரல் அழைப்பில் சொல்லும் குறியீடுகளும் அங்கே போகும். செய்துவிட்டீர்கள் என்றால் ##002# டயல் செய்யுங்கள், எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும். அப்புறம் போனின் கால் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பகுதியைத் திறந்து எல்லாம் அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அவர் சொன்ன ஆப்பைப் போட்டுவிட்டேன்

மற்ற எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ரீஃபண்ட் வேண்டி கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடுகிறோம். முதலில் கிடைக்கும் எண் மோசடிக்காரன் போட்டுவைத்தது. "உங்க ரீஃபண்டை நானே போட்டுத் தர்றேன் மேடம், இந்த ஆப்பை மட்டும் டவுன்லோட் பண்ணுங்க" என்பான். அது திரையைப் பகிரும் ஆப்பாக இருக்கும். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவும் கோப்பு) வரும்: போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான், திருமண அழைப்பிதழ் என்று பெயர் மட்டும் மாறும். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கண்ணில் படும் முன்பே அவனுக்குப் போய்விடும்.

செய்ய வேண்டியது: அந்த நொடியே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வங்கியையும் 1930-ஐயும் வேறொரு போனிலிருந்து அழையுங்கள். பாஸ்வேர்டு மாற்றும் வேலையை இந்தப் போனில் செய்யவே செய்யாதீர்கள்; புதுப் பாஸ்வேர்டையும் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்புறம் ஆப்பைத் தேடுங்கள். முகப்பில் ஐகான் இருக்காது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்: பெயரே இல்லாமல் வெறும் வெள்ளை ஐகானோடு இருப்பது, "கஸ்டமர் சப்போர்ட்", "அப்டேட்" என்று பொத்தாம்பொதுவான பெயரில் இருப்பது, அரசு முத்திரை போட்டிருந்தும் பிளே ஸ்டோரில் இல்லாதது. அழிக்கும் பட்டன் மங்கலாக இருந்தால், அது தன்னைச் சாதன நிர்வாகியாக வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாதுகாப்புப் பகுதியில் சாதன நிர்வாக ஆப்ஸ் என்பதைத் தேடி அங்கே அதன் அனுமதியை எடுத்துவிட்டு அழியுங்கள். அணுகல்தன்மைப் பகுதியிலும் தெரியாத ஆப் எதுவும் இயங்குகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும், படங்களையும் தொடர்பு எண்களையும் சேமித்துக்கொண்டு போனை முழுவதுமாக ரீசெட் செய்துவிடுவதுதான் என் பரிந்துரை. இரண்டு மணி நேர வேலைதான். சந்தேகத்தோடு அதே போனில் யூபிஐ வைத்திருப்பதைவிட அது மேல்.

வங்கியின் தளமா, போலியா என்று குழம்பும்போது முகவரியின் கடைசியைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னது. அந்த வால் வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

வாட்ஸ்அப் வெளியேறிவிட்டது, நண்பர்களுக்கு என் பெயரில் பணம் கேட்டுப் போகிறது

யாரிடமோ 6 இலக்கக் குறியீட்டைச் சொல்லியிருப்பீர்கள். ஆப்பைத் திறந்து உங்கள் எண்ணைப் போட்டுத் திரும்பப் பதியுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கத்தைப் போட்டதுமே அவன் வெளியேற்றப்படுவான். அப்புறம் இரண்டாவதாக ஒரு பின் கேட்டால் பதறாதீர்கள். அந்தப் பின்னை அமைத்தது அவன்தான். 7 நாள் கழித்து அந்தப் பின் இல்லாமலே உள்ளே போகலாம். அந்த 7 நாளும் அவனாலும் உங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாது. அதற்குள் குடும்பக் குழுவிலும் அலுவலகக் குழுவிலும் வேறொருவர் மூலம் சொல்லிவிடுங்கள். நெருக்கமான நாலு பேருக்கு நேரடியாகப் போன் செய்துவிடுங்கள்.

சில சமயம் கணக்கு உங்களிடமே இருக்கும், ஆனால் நீங்கள் அனுப்பாத செய்திகள் போகும். அப்போது இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறங்கள். உங்களுடையது அல்லாத கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருக்கும், தொட்டு வெளியேற்றுங்கள். "ஓட்டுப் போடுங்கள்", "உங்கள் படம் இதில் இருக்கிறது" என்று வந்த லிங்கில் எண்ணைக் கொடுத்து, அது காட்டிய 8 எழுத்துக் குறியீட்டை வாட்ஸ்அப்பில் போட்டதன் விளைவு அது. கையோடு இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டு, மீட்புக்கு ஒரு மெயிலையும் சேர்த்துவிடுங்கள்.

ஜிமெயிலில் நுழைய முடியவில்லை, அல்லது யாரோ நுழைந்திருக்கிறார்கள்

மற்ற எல்லாக் கணக்குகளின் சாவிக்கொத்தும் மெயிலில்தான் தொங்குகிறது. ஷாப்பிங் ஆப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று தொட்டாலும் லிங்க் வந்து விழும் இடம் இதுதான். அதனால் மெயில் கைக்கு வரும்வரை மற்றவற்றை மீட்பதில் பயனில்லை; மீட்டதை மறுபடி எடுத்துக்கொள்வார்கள்.

கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்கு, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமான வீட்டு வைஃபையிலிருந்து போங்கள். புது இடத்திலிருந்து முயன்றால் கூகுள் உங்களையே சந்தேகப்படும். மீட்பு எண்ணை அவன் மாற்றியிருந்தாலும் சில நாட்களுக்குப் பழைய எண்ணுக்கே குறியீடு பெறும் வாய்ப்பு இருக்கும். அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

உள்ளே நுழைந்து பாஸ்வேர்டை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து ஃபார்வர்டிங் பகுதியையும் ஃபில்டர் பகுதியையும் பாருங்கள். "வங்கி என்ற சொல் இருக்கும் மெயிலைக் குப்பைக்கு அனுப்பு", "எல்லா மெயிலையும் இந்த முகவரிக்கும் அனுப்பு" என்று ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பான். பாஸ்வேர்டு மாறினாலும் அந்த விதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மீட்பு மெயில், மீட்பு எண், உள்ளே இருக்கும் சாதனங்கள், அனுமதி பெற்ற மற்ற ஆப்கள் ஆகியவற்றையும் பாருங்கள். முடித்ததும் பாஸ்கீ ஒன்றை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் பூட்டைத் திறந்தே கணக்கில் நுழையும் வசதியை, உருவாக்கிக்கொள்ளுங்கள். விரல்ரேகையில் திறப்பது வசதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. போலித் தளத்தில் பாஸ்கீ வேலை செய்யாது, ஏமாந்து கொடுக்கவும் முடியாது.

ஷாப்பிங் ஆப்பில் நான் செய்யாத ஆர்டர்

ஆர்டரைக் கேன்சல் செய்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். முகவரிப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். தெரியாத ஊர் முகவரி சேர்ந்திருக்கும். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் நம் முழுக் கார்டு எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது என்பதால், உள்ளே வந்தவனுக்குக் கார்டு எண் கிடைக்காது. ஆனால் வாலட்டில் இருக்கும் பணம், பரிசுக் கூப்பன், இப்போது வாங்கி அப்புறம் கட்டும் வசதி மூன்றும் அவன் கையில் இருக்கும்.

எப்படி நுழைந்தான்? பெரும்பாலும் வேறொரு தளத்தில் கசிந்த அதே பாஸ்வேர்டை இங்கேயும் போட்டுப் பார்த்திருப்பான். 2020-இல் பிக்பாஸ்கெட்டின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. 2021-இல் டோமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர் விவரங்கள் வெளியே வந்தன. அதில் பெயர், போன் எண், முகவரி எல்லாம் இருந்தன. அதனால் உங்கள் பெயரும் தெருவும் சொல்லி ஒருவர் பேசினால் அவர் அந்த நிறுவனத்திலிருந்துதான் பேசுகிறார் என்று ஆகிவிடாது. மெயிலுக்கும் வங்கிக்கும் மட்டுமாவது வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்தாலும் சரி, நான் தப்பு சொல்ல மாட்டேன்.

போனில் திடீரென்று சிக்னல் இல்லை

பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரமாக இல்லை என்றால், வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து "என் எண்ணுக்குப் புது சிம்மோ இ-சிம்மோ கொடுத்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். ஆம் என்றால் உடனே முடக்கச் சொல்லிவிட்டு, வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள், அப்புறம் அடையாள அட்டையோடு அவர்களின் கடைக்குப் போங்கள். புது சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராமல் நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்களுக்கு இருக்கும் அவகாசம் அதுதான். உங்கள் பெயரில் வேறு எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

கேட்காமலே ஓடிபி வந்துகொண்டிருக்கிறது

யாரோ உங்கள் எண்ணைப் போட்டு முயல்கிறார்கள். நீங்கள் சொல்லாதவரை ஒன்றும் ஆகாது. ஆனால் பாஸ்வேர்டுக்குப் பிறகு வரும் ஓடிபியாக இருந்தால் பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்கிறது. ஆப்பை நேராகத் திறந்து மாற்றுங்கள், செய்தியில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

பழைய சோஃபாவை விற்கப் போனேன், வாங்குபவர் க்யூஆர் அனுப்பினார்

பணம் வாங்க ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின்னும் போட வேண்டியதில்லை. பின் கேட்கும் திரை என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது. "தப்பா 20,000 போட்டுட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க" என்றால் எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள்.

பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று அழைப்பு வருகிறது

ஏமாந்து சில வாரம் கழித்து வரும். சைபர் செல் அதிகாரி, வக்கீல், நல்ல ஹேக்கர் என்று ஏதாவது ஓர் அறிமுகம். நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் அதே கும்பலோ, அவர்களிடம் பட்டியல் வாங்கியவர்களோதான் பேசுகிறார்கள். சோஷியல் மீடியாவில் போய் அழுது எழுதியவர்களின் பதிவுக்குக் கீழேயும் இவர்கள் வந்து நிற்பார்கள். "ஃபைல் சார்ஜ்" என்று கேட்கும் முதல் ரூபாயையும் கொடுக்காதீர்கள். 1930-லோ காவல் நிலையத்திலோ புகார் செய்யக் கட்டணம் கிடையாது.

நிறுத்திவைக்கப்பட்ட பணம் தானாகக் கணக்குக்கு வந்துவிடாது என்பதும் உண்மை. பல நேரங்களில் அதை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். உங்கள் புகார் எந்தச் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறது என்று ஒப்புகை எண்ணை வைத்துக் கேளுங்கள். எந்த வங்கியில் எவ்வளவு நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை அங்கே வாங்கிக்கொண்டு, நீதிமன்றத்தில் மனு போட வேண்டுமா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். போகும்போது வங்கி ஸ்டேட்மென்டில் அந்த வரியை அடிக்கோடிட்ட நகல், புகாரின் நகல், ஆதார் நகல், ஸ்கிரீன்ஷாட்டுகளின் அச்சு எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்துப் போங்கள்.